பெரிய கோப்புகளில் மட்டும் உறைந்துபோன என்எஃப்எஸ்

கல்லடியில் எங்கள் வீட்டின் முன்னறையில், டெபியன் லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்றைக் கோப்பு வழங்கியாக வைத்திருக்கிறேன். மட்டக்களப்புக் கிராமங்களில் ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஒலிநாடாக்களை மடிக்கணினியில் பதிவுசெய்து, என்எஃப்எஸ் (வேறொரு கணினியின் வட்டை வலைப்பின்னல் வழியாகத் தன் வட்டுபோலப் பயன்படுத்தும் முறை) வழியாக அந்த வழங்கியில் சேர்ப்பதே என் மாலைநேர வேலை. 90 நிமிட நாடா ஒன்று சுருக்கப்படாத ஒலிக்கோப்பாக ஏறத்தாழ 950 மெகாபைட் வரும். மத்தள அடியும் சல்லரி ஒலியும் தெளிவாகக் கேட்கும் சில நாடாக்கள் இன்னொரு முறை ஓட்டினால் அறுந்துவிடும் நிலையில் இருப்பதால், ஒரு கோப்பும் குறைபட்டுவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருக்கிறேன்.

கார்த்திகை மழையோடு வந்த இடிமின்னலில் எங்கள் வலைப்பின்னல் சுவிட்ச் எரிந்துபோனது. அலமாரியில் கிடந்த, நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள பழைய சுவிட்ச்சை அதனிடத்தில் பொருத்தினேன். அன்றிரவே நகலெடுப்பு முதல் மெகாபைட்டைக் கூடத் தாண்டாமல் நின்றுவிட்டது. கன்ட்ரோல்-சி அழுத்தியும் கட்டளை விடுபடவில்லை. வேறொரு முனையத்தில் வட்டின் இடத்தைப் பார்க்க டிஎஃப் கட்டளையை இட்டேன். அது பொருத்தப்பட்ட எல்லாக் கோப்பு முறைமைகளையும் விசாரிப்பதால் அதுவும் சேர்ந்து உறைந்தது. பிஎஸ் கட்டளையின் பட்டியலில் இரண்டுக்கும் எதிரே ‘டி’ என்ற எழுத்து நின்றது. உள்ளீடு, வெளியீட்டுக்காகக் காத்துக் கிடக்கும் நிலையை அது குறிக்கும். அத்தகைய செயல்களும் கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் சுமை எண்ணிக்கையில் சேர்வதால், செயலி சும்மா இருந்தபோதும் சுமை ஏறிக்கொண்டே போனது. இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் வழங்கி பதிலளிக்கவில்லை, தொடர்ந்து முயல்கிறேன் என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

லினக்ஸில் என்எஃப்எஸ் இயல்பாகவே ‘ஹார்ட்’ முறையில் பொருத்தப்படுகிறது. விடை வரும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். தரவு தொலைந்தால் மீண்டும் அனுப்பும் டிசிபி இணைப்பில் முதல் காத்திருப்பு 60 நொடி. கர்னல் 2.6.25க்குப் பிறகு, காத்திருக்கும் செயலை, கட்டாயமாக நிறுத்தும் ‘கில் மைனஸ் 9’ கட்டளை மட்டுமே விடுவிக்கும். ‘சாஃப்ட்’ என்று மாற்றினால் உறைதல் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உறைதல் போகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது எழுதும் வேலை பாதியில் பிழையோடு திரும்பும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் முடிந்தது என்றே சொல்லிவிடும். மடிக்கணினியில் உள்ள மூலத்தை அழித்த பிறகுதான் கூத்தின் பிற்பாதி இல்லை என்பது தெரியவரும். ஆகவே அந்த வழியை நான் தொடவில்லை; வலைப்பின்னலில் தரவைச் சுமந்து செல்லும் பொதிகள் எங்கே தொலைகின்றன என்று தேடுவதே முறை என்று முடிவு செய்தேன்.

மறுமுனை பதிலளிக்கிறதா என்று சோதிக்கும் பிங் ஒழுங்காகப் போனது. வழங்கியில் என்எஃப்எஸ் இணைப்புகளை ஏற்கும் 2049ஆம் துறையும் (போர்ட்) திறந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கோப்புகள் உள்ள அடைவு உடனே விரிந்தது. முந்நூறுக்கு மேல் கோப்புகள் உள்ள அடைவோ விரியவே இல்லை. சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்ற இந்த வேறுபாட்டை முதல் இரவிலேயே பிடித்திருக்க வேண்டும். தங்கையின் மடிக்கணினி வைஃபை வழியாக அதே வழங்கியில் எந்தத் தடையும் இன்றி வேலை செய்ததால், பழுது என் கேபிளில் என்றெண்ணி இரண்டு நாட்களைக் கேபிள் மாற்றுவதிலேயே செலவழித்தேன்.

மூன்றாம் இரவு இரு கணினிகளிலும், வந்துபோகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து ஒரே துண்டு மீண்டும் மீண்டும் புறப்பட்டது. இடைவெளி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரட்டித்தது. வழங்கியின் பக்கத்தில் அது ஒரு முறைகூட வந்து சேரவில்லை. அப்போதுதான், எரிந்துபோன சுவிட்ச்சுக்காக இரு கணினிகளிலும் எம்டியு அளவை, அதாவது ஒரு பொதி எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பை, நான் 9000 ஆக உயர்த்தி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. பொதியை உடைக்கக் கூடாது என்ற குறிப்போடு 1472 பைட் பிங் அனுப்பினேன், பதில் வந்தது. 8972 பைட் அனுப்பினேன், ஒன்றும் வரவில்லை. பழைய சுவிட்ச் இவ்வளவு பெரிய பொதிகளை ஏற்காது, ஏற்கவில்லை என்று அறிவிக்கவும் அறிவிக்காது. அது ரவுட்டர் அன்று என்பதால், பொதி பெரிது என்ற செய்தியைத் திருப்பி அனுப்பும் வேலை அதற்கு இல்லை. இரு முனைகளும் 9000 என்று நம்பித் துண்டின் அளவை ஒப்புக்கொண்டிருந்தன. தங்கையின் கணினி 1500இல் இருந்ததால், வழங்கியும் அதனுடன் சிறிய துண்டுகளிலேயே பேசியிருக்கிறது.

இரு கணினிகளிலும் எம்டியுவை 1500க்கு இறக்கினேன். உறைந்திருந்த நகலெடுப்பை நான் நிறுத்தியிருக்கவில்லை. சற்று நேரத்தில் வழங்கி சரியாகிவிட்டது என்ற வரி கர்னல் பதிவில் விழுந்தது. நின்ற இடத்திலிருந்தே நகலெடுப்பு நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட் வேகத்தில் தொடர்ந்தது. ‘ஹார்ட்’ முறையை மாற்றாமல் விட்டதற்கு அந்த நேரத்தில் மனம் நிறைந்தது. முடிந்ததும் இரு பக்கத்துக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 கூட்டெண்களையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்கள்) ஒப்பிட்டேன். அவை ஒன்றாகவே இருந்தன. அதன் பின்னரே மடிக்கணினியிலிருந்த மூலத்தை அழித்தேன்.

இப்போது வலைப்பின்னல் அமைப்புக் கோப்புகளிலிருந்து 9000 என்ற வரியை நீக்கிவிட்டு, சுவிட்ச்சின் மேல் 1500 என்று எழுதிய தாளை ஒட்டியிருக்கிறேன்.