ஐ.பி.ஆர். வருமுன் ஒரு கணக்கையாவது நூல் பிடித்துப் பாருங்கள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தத்தில் ஈட்டிய மதிப்பு முறை (முடிந்த வேலையை அதற்குத் திட்டமிட்ட பட்ஜெட் மதிப்பில் அளப்பது) கட்டாயம் என்றிருந்தால், ஒப்பந்தம் வழங்கப்பட்ட 180 நாளுக்குள் ஐ.பி.ஆர். (Integrated Baseline Review) நடக்க வேண்டும். வேலை, அட்டவணை, பட்ஜெட் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் அடிப்படைத் திட்ட ஆய்வு இது. ஸ்லைடு அலங்காரத்தில் நேரத்தை விடாதீர்கள். உண்மையான சோதனை, கன்ட்ரோல் அக்கவுண்ட் (ஒரு பகுதி வேலையும் அதன் அட்டவணையும் பட்ஜெட்டும் சேர்ந்த கணக்கு) மேலாளரை உட்காரவைத்துக் கேட்கும் கேள்விகள்தான்.

ஒரே ஒரு கணக்கை எடுத்து, பணி விவரம், வேலைப் பகுப்பு, பணி அனுமதி, அட்டவணை, மாதவாரி பட்ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள். அட்டவணையில் வேலை செப்டம்பரில் முடிந்து, பட்ஜெட் நவம்பர் வரை ஓடினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பெரும்பாலும் தேதியை மாற்றியவர் செலவு மென்பொருளில் ஏற்றியிருக்க மாட்டார். அளக்கக்கூடிய வேலையை 'லெவல் ஆஃப் எஃபர்ட்' (அளக்க முடியாத, காலப்போக்கை வைத்தே மதிப்பு தரப்படும் பணி) என்று போடுவதும் வம்பு. வேலை நின்றாலும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும்.

ரிஸ்க்கை மேலாளரே சொல்ல வேண்டும். நிதிக்காரர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் எடுபடாது.