அஞ்செட்டிப் பக்கம் மண் பாதையில் சைக்கிள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குத் தார் ரோட்டில் இறங்குவதே ஒரு சுகம்தான், ஆனால் எனக்கு உயிர், அதைத் தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் ஊருக்கு ஊர் போகும் மண் பாதைகள். செம்மண், அதன்மேல் உருளும் சரளைக்கல், ஓரத்தில் ராகிக் கொல்லை. 40 மி.மீ. டயரில் காற்றை 35 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டால் வண்டி துள்ளாமல் கல்லோடு ஒட்டிப் போகும். 60 வைத்துப் போன முதல் தடவை எனக்குக் கை மரத்தே போய்விட்டது. இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சரளையில் சக்கரம் வழுக்கிவிடும்.

அப்புறம் யானை. இங்குள்ள காட்டின் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், அனுமதியில்லாமல் உள்ளே நுழையவே கூடாது. ராகி விளையும் காலத்தில் யானை கொல்லைக்கே வரும், அதனால் நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, சாயங்காலம் 5 மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். போன மாதம் பாதை நடுவில் ஆவி பறக்கும் சாணம் கிடந்தது. ஆடு மேய்த்த பெரியவர், "திரும்பிப் போயிடு கண்ணு, இப்பத்தான் தாண்டுச்சு" என்றார். உடனே வண்டியைத் திருப்பிவிட்டேன்.