மூடி வைத்த தரை

2010 அக்டோபரில் ஒரு நாள் காலை. பாலஸ்தீனத்தின் எரிகோ ஊரில், ஹிஷாம் அரண்மனை என்ற இடிபாட்டின் குளியல் மண்டபத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தோம். மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். முதலில் முறம், அப்புறம் துடைப்பம், கடைசியில் தூரிகை. மணலுக்குக் கீழே விரித்திருந்த துணியைச் சுருட்டியபோது எனக்கு நேர் எதிரே ஒரு சிவப்புப் பட்டை தெரிந்தது. ஈரத் துணியால் ஒற்றினேன். பக்கத்தில் சாம்பல், மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமாக வந்தது. அந்தத் தரையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருந்தேன். பதின்மூன்று வருடம் இந்த ஊரில் தொல்லியல் வேலை பார்த்தும், முழுத் தரையைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்த வருடம் எரிகோவுக்குப் பத்தாயிரம் வயது என்று ஊரே கொண்டாடியது. அதற்காகத்தான் திறந்தோம். 800 சதுர மீட்டருக்கும் மேல் பரந்த மொசைக் தரை, சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்தது. எட்டாம் நூற்றாண்டில், உமையா கலீஃபாக்கள் காலத்தில் போட்டது. 38 கட்டங்கள். சில நாட்கள் ஊர் மக்கள் வந்து பார்த்தார்கள். பிறகு மறுபடியும் துணி விரித்து, சலித்த மணலைக் கொட்டி மூடினோம். மூடுகிற அன்று வேலி ஓரமாக நின்றிருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு அழகை எதுக்கு மகளே மண்ணுக்குள்ள போடுறீங்க? நாங்க பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?" என்று கேட்டார்.

தேய்ந்துதான் போகும் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது.

எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டர் தாழ்ந்த ஊர். கோடையில் கல்லில் கை வைக்க முடியாது. குளிர்காலத்தில் மழை குறைவு, ஆனால் வந்தால் கொட்டித் தீர்த்துவிடும். நிலத்தில் உப்பு அதிகம். ஈரம் மேலே ஏறும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு கல்லுக்குள் படிகமாகி, உள்ளிருந்தே அதைப் பொடியாக்கும். இது போதாதென்று களைகள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு செடி, தன் வேரால் ஒரு கைப்பிடிக் கற்களைப் பெயர்த்து எறிந்துவிடும். மணலும் துணியும் இவ்வளவையும் தடுக்கும், செலவும் குறைவு. அழகில்லாத தீர்வு, ஆனால் அந்தத் தரையை இத்தனை காலம் பிழைக்க வைத்தது அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது எதுவும் தெரியாது. 1997இல், பல்கலைக்கழகம் முடித்த கையோடு, பாலஸ்தீனத் தொல்லியல் துறையில் சேர்ந்தேன். துறை தொடங்கி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு நாற்காலியை இரண்டு பேர் பங்கு போட்ட காலம். தோண்ட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்த என்னை, வயதான ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்தார்கள். அவர் என் கையில் கொடுத்தது மரக்கைப்பிடி போட்ட ஒரு சின்னச் சுத்தி.

"தட்டிப் பார் மகளே. கல் பேசும்" என்றார்.

மொசைக் தரையை மெல்லத் தட்டினால், அடியில் காரை பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக, சுருக்கமாக வரும். காரை விட்டுப்போன இடத்தில் பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தாளில் குறிக்க வேண்டும். பிறகு இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஊசியை இறக்கி, முதலில் தண்ணீர், அப்புறம் நீர்க்கச் சலித்த சுண்ணாம்புக் குழம்பு. ஊசி ஏற்றியபின் மேலே ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுநாள் வந்து மறுபடி தட்ட வேண்டும். உள்ளங்கை அகல இடத்துக்கு இரண்டு நாள். முன்பு எப்போதோ அவசரத்துக்கு சிமெண்ட் பூசி ஒட்டிய ஓரங்களைச் சுரண்டி எடுக்க வாரக்கணக்கில் ஆனது. சிமெண்ட் இறுகியபின் மூச்சு விடாது, தன் உப்பையும் பக்கத்துக் கல்லுக்குக் கொடுத்துவிடும். சுண்ணாம்பு அப்படியில்லை. தரை அசைந்தால் அதுவும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அந்த மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுண்ணாம்பைத் தொட்டே அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவார். என் சான்றிதழ்களில் இல்லாத படிப்பு அவரிடம்தான் படித்தேன்.

இந்தத் தொழில் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஐன் சுல்தான் அகதி முகாம், பழைய எரிகோ புதைந்திருக்கும் தெல் சுல்தான் மேட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. 1948இல் ஊரை இழந்து அங்கே வந்த என் தாத்தா, 1952 முதல் 1958 வரை பிரிட்டிஷ் தொல்லியலாளர் காத்லீன் கென்யன் அந்த மேட்டில் நடத்திய அகழாய்வில் கூடை சுமந்தார். குழியிலிருந்து மண்ணைத் தூக்கி மேலே கொண்டுவந்து கொட்டுவது அவர் வேலை. பத்தாயிரம் வருடப் பழமையான கோபுரம் அந்தக் குழியில்தான் வெளிப்பட்டது. எட்டரை மீட்டர் உயரம், உள்ளே 22 படிகள். தாத்தா படிப்பறிவு இல்லாதவர். ஆனால் அந்தப் படிகளின் எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். "நான்தான் அந்தப் படியில இருந்த மண்ண வெளியில எடுத்தேன்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அகழாய்வு அறிக்கைகளில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால் என் கையில் பொறுப்பு வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு பருவத்தின் அறிக்கையிலும் வேலை செய்த எல்லோருடைய பெயரையும், கூடை தூக்கியவர் வரைக்கும், எழுதாமல் அனுப்பியதில்லை.

கென்யனின் குழி இன்றும் திறந்தே கிடக்கிறது. தொல்லியலுக்கு அந்தக் குழி கற்றுத்தந்தது ஏராளம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அதன் பக்கச் சுவர்கள் கரைகின்றன. சுடாத பச்சைச் செங்கல் சுவர் வெளிக்காற்றைப் பார்த்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் சேர்ந்த வருடம்தான் ரோம் சப்பியென்சா பல்கலைக்கழகத்தாரும் எங்கள் துறையும் சேர்ந்து அங்கே மறுபடி வேலை தொடங்கினார்கள். மழைக்கு முன்பு வைக்கோல் கலந்த மண்ணைக் குழைத்து சுவருக்குப் பூசுவோம். மழைக்குப் பிறகு போய், எங்கே எவ்வளவு கரைந்தது என்று அளப்போம். 2023இல் தெல் சுல்தான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது முகாமில் இனிப்பு கொடுத்தார்கள். நான் ஒரு துண்டைத் தாத்தாவின் கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஹிஷாம் அரண்மனைக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் திமித்ரி பராம்கி. ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர். 1934இல் இங்கே அகழாய்வு தொடங்கியபோது அவருக்கு 25 வயது. 1948 வரை தோண்டினார். உமையா கலீஃபா ஹிஷாமின் பெயர் எழுதிய துண்டைக் கண்டெடுத்து, இந்த இடிபாட்டுக்கு ஒரு பெயரும் காலமும் கொடுத்தவர் அவர். தன் ஆய்வுகளை அவ்வப்போது எழுதி வெளியிட்டார். ஆனால் 1959இல் பெரிய நூலாக எல்லாம் திரண்டு வந்தபோது அட்டையில் இருந்தது பிரிட்டிஷ் தொல்லியலாளர் ராபர்ட் ஹாமில்டனின் பெயர். பராம்கி அதற்குள் பெய்ரூத்துக்குப் போய், அங்கே அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் வரைந்த பழைய வரைபடங்களை வைத்துத்தான் நாங்கள் இன்றும் சுவர்களைச் சரிபார்க்கிறோம். எங்கேயாவது எங்கள் அளவும் அவர் அளவும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் எங்கள் அளவைத்தான் திரும்ப எடுப்பேன். பெரும்பாலும் தவறு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவர் கண்டெடுத்த சுதைச் சிற்பங்களில் பல ஜெருசலேமில் ராக்பெல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எரிகோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரே ஒரு தடவை கிடைத்தது. அந்த முகங்களின் எதிரே நின்றபோது, இது எந்தச் சுவரிலிருந்து, எந்த மூலையிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் என்னால் சொல்ல முடிந்தது. மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் சொல்லும்வரை நின்றேன்.

எல்லாவற்றையும் மூடிக் காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. வெகுகாலம் எங்களுக்கு வாய்த்திருந்த சட்டங்கள் மேற்குக் கரையில் 1966ஆம் ஆண்டு ஜோர்டான் சட்டம், காசாவில் 1929ஆம் ஆண்டு பிரிட்டிஷார் சட்டம். இரண்டிலும் 1700க்கு முன்பு செய்ததுதான் தொல்பொருள். அதற்குப் பிறகு கட்டிய கல் வீடுகளை, வளைவுக் கூரைகளோடு, முற்றத்துக் கிணறுகளோடு, யார் வேண்டுமானாலும் இடிக்கலாம் என்றிருந்தது. ஒரு கிராமத்தில் அப்படி ஒரு வீட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம், ஒரு அலுவலகத்தின் மேசையில் மூன்று மாதம் கிடந்தது. பதில் வந்த அன்று அங்கே போனேன். தரை சமமாக இருந்தது. வாசல் நிலைக்கல் மட்டும் ஓரமாகக் கிடந்தது. புதிய சட்டம் 2018இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ரமல்லாவில் உள்ள ரிவாக் அமைப்பு ஊர் ஊராகப் போய், 50,000க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பதிவு செய்து வைத்தது. சட்டம் தூங்கிக்கொண்டிருந்தபோது செய்த அந்தப் பதிவு எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அந்த நிலைக்கல்லைப் பார்த்தபின்தான் முழுதாக உணர்ந்தேன்.

பிறகு நாங்கள் எட்ட முடியாத இடங்கள். மேற்குக் கரையில் ஏறக்குறைய 60 சதவீதம் 'சி' பகுதி, அங்கே அதிகாரம் இஸ்ரேலுடையது. செபஸ்தியா என்ற பழைய ஊரில், ஊர் எங்கள் நிர்வாகப் பகுதியில், மேட்டில் உள்ள இடிபாடுகள் 'சி' பகுதியில். சாய்ந்த தூணை நிமிர்த்த வேண்டும் என்று தெரியும், ஆளும் உண்டு, சுண்ணாம்பும் உண்டு. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

2021இல் ஹிஷாம் அரண்மனைத் தரைக்கு மேல், ஜப்பான் உதவியோடு, பெரிய கூரை எழுந்தது. இப்போது மணல் இல்லை. மேலே தொங்கும் நடைபாதையிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். திறப்புக்குப் பிறகு முதல் வாரம் முழுவதும் நான் கண்களால் அந்தப் பாட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் ஆகிவிட்டது, வரவில்லை. வந்திருந்தால், நேராக ஓர அறைக்கு அழைத்துப்போய் அந்த மரத்தைக் காட்டியிருப்பேன்: கனி நிறைந்த மரம், இடப்பக்கம் மேயும் இரண்டு மான்கள், வலப்பக்கம் சிங்கத்திடம் மாட்டிய ஒரு மான்.

காசாவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நேரில் சந்தித்தது ஒரே முறை, அம்மானில் நடந்த ஒரு பயிற்சியில். அவரும் மொசைக் வேலைக்காரர். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் சுண்ணாம்பு, உப்பு, களை இவற்றைப் பற்றித்தான். 2023 டிசம்பரில் காசா நகரின் பழமையான பெரிய ஒமரி மசூதி குண்டுவீச்சில் தகர்ந்தபோது அவர் ஒரு படம் மட்டும் அனுப்பினார், எழுத்து ஒன்றும் இல்லை. 2024 ஜூலையில் டெல்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, காசாவில் நுசைராத்துக்குப் பக்கத்தில் தெல் உம்மு ஆமரில் உள்ள புனித ஹிலாரியோன் மடத்தைப் பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. அன்று அவர் கேட்டது, "குண்டு போடுறவங்களுக்கு இந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்குமா அக்கா?"

2025 செப்டம்பரில், காசா நகரில் பல்லாண்டு அகழாய்வுப் பொருட்கள் அடுக்கி வைத்திருந்த கிடங்குக் கட்டடம் தாக்கப்படப் போகிறது என்று எச்சரிக்கை வந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தில், திறந்த லாரிகளில், அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. சில நாட்களில் கட்டடம் விழுந்தது. பொதி கட்டப் பஞ்சு இல்லாமல், பெட்டிக்குப் பெட்டி முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல், குண்டும் குழியுமான தெருவில் அந்த லாரிகள் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

நண்பர் தன் சொந்தக் களக் குறிப்பேடுகளை வீட்டிலிருந்து வெளியேறும்போது தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான்காவது தடவை இடம் பெயர்ந்தபோது மழையில் நனைந்துவிட்டனவாம். காயவைத்து, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, இணையம் கிடைக்கும்போதெல்லாம் அனுப்புகிறார். இரவுகளில் நான் அவற்றைத் தட்டச்சு செய்கிறேன். குழி எண், மண்ணடுக்கு, பானை ஓடு எத்தனை, விளிம்பு எத்தனை, யார் தோண்டியது. அவரும் கூடை தூக்கியவர் வரை பெயர் எழுதியிருக்கிறார். மை ஊறிய இடத்தில் எழுத்து தெரியாவிட்டால் கேட்டு அனுப்புவேன், பதில் வர இரண்டு நாளாகும், சில சமயம் ஒரு வாரம். நேற்று கேட்டது 41ஆம் பக்கத்தில் ஒரு பெயர். இன்னும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு 42ஆம் பக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன்.