ஜூன் ஐந்தா, மே ஆறா?

2024 மே 6, திங்கட்கிழமை. இரத்தப் பரிசோதனைக்காக முந்தைய இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அம்மாவை அழைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோ பிடித்தேன். மருத்துவமனையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசையில் நின்று சீட்டை நீட்டியபோது, கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து, "உங்களுக்கு அடுத்த மாசம் அஞ்சாம் தேதிங்க" என்றார். சீட்டில் 05/06 என்று தெளிவாகவே எழுதியிருந்தது. திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கையில சீட்டு இருக்கும்போது போன எதுக்குடா பாத்த?"

போனில் வந்த நினைவூட்டலைப் பார்த்துக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் மருந்து, மறுபரிசோதனை நாட்கள், குடியாத்தத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் பூர்வீக வீட்டின் வரி, காப்பீட்டுத் தவணை என அத்தனையும் டைரியிலும் போனிலும் பழைய கோப்புகளிலும் சிதறிக் கிடந்ததால், மார்ச் மாதக் கடைசியில் அவற்றை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். தேதி உள்ளவை கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய அட்டவணைக்கும், மற்ற குறிப்புகள் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலிக்கும் போயின. மறுநாள் வேலைகளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்ப, ஷீட்ஸோடு சேர்ந்து இயங்கும் கூகுளின் நிரல் கருவியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் இருபது வரி எழுதினேன். முதன்முறை ஓட்டும்போது, இந்தச் செயலி சரிபார்க்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கைத் திரை வரும். எழுதியது நாமே என்றால் தாண்டிச் செல்லலாம், வேறு எவரோ கொடுத்த ஸ்கிரிப்ட் என்றால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. இதுவரைக்கும் ஒரு மாலை நேர வேலைதான்.

முதல் சிக்கல் நேரத்தில் வந்தது. காலை ஆறிலிருந்து ஏழுக்குள் வரவேண்டிய மின்னஞ்சல், பிற்பகல் மூன்றரைக்கு மேல் வந்தது. ஏப்ரல் 30, அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாள். மாதக் கடைசிக்கு மட்டும் அன்று காலையிலேயே நினைவூட்டும்படி தனியாக எழுதி வைத்திருந்தேன். நினைவூட்டல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் பணம் வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், 2,000 ரூபாய்த் தவணைக்கு 20 ரூபாய் அபராதம். தொகை சிறிதுதான், ஆனால் மறதியை ஒழிக்கவென்று செய்த ஏற்பாட்டால் கட்டிய அபராதம் என்பதால் உறுத்தியது. பிறகு பார்த்தால், என் ஸ்கிரிப்ட்டின் அமைப்பில் நியூயார்க் நேரம் இருந்தது. கோடைக்காலத்தில் அந்த ஊர் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே காலை ஆறு என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை. ஷீட்டுக்கு ஒரு நேர மண்டலமும் ஸ்கிரிப்ட்டுக்கு வேறொரு நேர மண்டலமும் இருக்க முடியும் என்பதை நான்தான் கவனிக்கவில்லை. இரண்டையும் இந்திய நேரத்தைக் குறிக்கும் கொல்கத்தாவுக்கு மாற்றி, ஸ்கிரிப்ட்டைத் தினமும் தானாக ஓடவைக்கும் பழைய ட்ரிகரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தபின் மின்னஞ்சல் காலையில் வரத் தொடங்கியது.

தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்று ஷீட்டுக்குச் சொல்லும் வட்டார அமைப்பையும் அப்போதே பார்த்திருந்தால் மே 6 அலைச்சல் நேர்ந்திருக்காது. ஷீட்டின் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால், 05/06 என்பதை அது மே 6 என்றே எடுத்துக்கொள்ளும். 18/04 போன்றவற்றில் பதினெட்டாவது மாதம் கிடையாதல்லவா, அவற்றைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்; என் ஸ்கிரிப்ட்டும் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிச் சென்றது. ஆக, பன்னிரண்டாம் தேதி வரையிலானவை தவறான நாளில் வந்தன, அதற்குப் பிந்தையவை வரவே இல்லை. தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் நின்றால் தேதி. இந்த அடையாளம் ஒரு மாதமாக என் கண் முன்னேதான் இருந்தது. வட்டாரத்தை இந்தியா என்று மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே புரண்டுபோன தேதிகள் புரண்டபடியே இருக்கும் என்பதால், எல்லாவற்றையும் சீட்டுகளைப் பார்த்து மறுபடி உள்ளிட்டேன். இப்போது பக்கத்துப் பத்தியில் கிழமையும் வரும்படி வைத்திருக்கிறேன். கிழமை பொருந்தவில்லை என்றால் உடனே தெரிந்துவிடுகிறது.

பழைய குறிப்புகள் வேறு விதமாகப் படுத்தின. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்பதற்கு முன்பு நான் தட்டச்சு செய்தவை அனைத்தும் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. நகரில் ஒரு கணினி மையத்தில் 600 ரூபாய் கொடுத்து ஒருங்குறிக்கு மாற்றி வாங்கினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொணவட்டம் என்று ஊர்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கு, "தமிழ் தெரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்று அந்த மையத்தில் கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் மாற்றியதில் ‘கொ’வின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருந்தன. நான் தட்டச்சு செய்யும்போதோ இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடு விழுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில், பிரிந்த குறியீடுகளைச் சேர்த்துவிடும் ‘நார்மலைஸ்’ கட்டளை இதை ஒரே வரியில் தீர்த்துவிட்டது. ஆனால் கௌரியைக் கெளரி என்று ளகரம் போட்டு எழுதியதை அது திருத்தாது. அவற்றைக் கையால்தான் தேடி மாற்றினேன்.

நிலப் பத்திரங்களை மாவட்ட வாரியாகப் பிரிக்க முயன்றது என் சொந்த மடத்தனம். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒரே நிலம், தாத்தா காலத்துப் பத்திரத்தில் வட ஆற்காடு, 1989 பிரிவினைக்குப் பிந்தையதில் வடாற்காடு அம்பேத்கர், அதற்குப் பிறகு வேலூர், 2019-க்குப் பிறகு இராணிப்பேட்டை என்று நான்கு மாவட்டங்களில் இருக்கிறது. இப்போது கிராமப் பெயரும் சர்வே எண்ணும் மட்டுமே கோப்பின் பெயர்.

அக்டோபர் 1 காலை, குடியாத்தம் வீட்டின் இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரிக்கான நினைவூட்டல் மின்னஞ்சல் சரியாக ஆறேகாலுக்கு வந்தது. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. பல ஆண்டுகளாகத் தவறவிட்ட அதை முதன்முறையாகப் பெற்று, இரசீதை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொகையைப் பார்த்தவர், "மே மாசம் ஆட்டோவுக்குக் குடுத்ததுல பாதிகூட வரலியே" என்றார்.