வற்றாப்பளைக்குப் போகிற வழியில் ஒரு கல்

இந்த முறை முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாகப் போனோம். அம்மம்மா கூட வந்தால் ஒட்டுசுட்டானில் இறங்காமல் தாண்ட முடியாது. குரக்கன் அறுத்துவிட்டு மிஞ்சின அடித்தாளை, அதாவது ஒட்டைச் சுட்டபோது நெருப்புப் படாமல் லிங்கம் இருந்ததாம், அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஒரு செவ்வரத்தம்பூவை மடியில் முடிந்துகொண்டார். எதற்கென்று கேட்கவில்லை.

கற்சிலைமடுவில் வாகனத்தை நிற்பாட்டச் சொன்னார். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியனை, இரண்டே மாதத்தில், ஒக்டோபர் 31-இல், கப்டன் டிரிபேர்க் தோற்கடித்த இடம். வெள்ளைக்காரன் இங்கே கல் நட்டது தன் வெற்றியைச் சொல்ல. வன்னிச் சனம் அதைப் பண்டாரவன்னியன் கல் என்றுதான் சொல்லுது, டிரிபேர்க்கை ஆர் தேடுகிறார்கள்?

அம்மம்மா பூவை அவிழ்த்து அங்கே வைத்தார். "அவரும் எங்கட அம்மனைக் கும்பிட்டவர்தானே பிள்ளை."

வாகனத்தில் நான் கொஞ்சம் படிப்பைக் காட்டினேன். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்' போயிருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்லுது, அவன்தான் இந்த வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்பார்கள் என்று. அம்மம்மா அசரவில்லை. "ராசா கொண்டு வந்தாரோ என்னவோ. மதுரையை எரிச்சுப்போட்டு அவ தானா நடந்து வந்தவ. நந்திக்கடல் கரையில மாடு மேய்ச்ச பெடியள்தான் கண்டவங்கள்."

அந்தக் கதை எனக்குப் பாடம். கிழவி வடிவில் வந்தவளுக்குப் பெடியள் குழையால் பந்தல் போட்டார்கள், பொங்கினார்கள், பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை விட்டுக் கொளுத்துங்கோ என்றாள். எரிந்தது. தலை கடிக்குது, பாருங்கோ என்று குனிந்தாளாம், பார்த்தால் தலை நிறையக் கண்கள். வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாள்.

இப்பவும் அதேதான். பாக்குத்தெண்டல் என்கிற சடங்கோடு தொடங்கி, கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புத்தண்ணியில் விளக்கேற்றி, பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கொண்டு வருவார்கள். நாங்கள் போய்ச் சேர இருட்டிவிட்டது. பாற்செம்பு, காவடி, கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், கால் வைக்க இடமில்லை. ஆட்களின் தலைகளுக்கு நடுவே விளக்கு ஒரு விரல் அளவுதான் தெரிந்தது. அம்மம்மா என் தோளைப் பிடித்து எக்கிப் பார்த்தார்.

"எரியுதா?"

"ஓம் அம்மம்மா, எரியுது."