பள்ளிப்படைக்கு ஒரு நெய் விளக்கு

பட்டீஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் துர்க்கையம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே கும்பகோணத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கும் அதுதான் வழக்கம். இந்த முறை ஆட்டோக்காரரிடம் பக்கத்திலுள்ள ராமநாதன் கோயிலுக்கு விடச் சொன்னேன்.

சின்னக் கோயில்தான். பழைய பெயர் பஞ்சவன்மாதேவீச்சரம். ராஜராஜ சோழனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்காக ராஜேந்திரன் எடுப்பித்த பள்ளிப்படை. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன்மாதேவி, இவர் சிற்றன்னை. ராஜேந்திரனின் 7-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1019 வாக்கில் வெட்டிய கல்வெட்டு இங்கே இருக்கிறது. அரச குலத்தார் நினைவாக லிங்கம் வைத்து, இறந்தவரைச் சிவமாகவே பாவித்துப் பூஜை செய்யும் இடம் பள்ளிப்படை. சாவு வீட்டுக்குப் போய்வந்தாலே தலை முழுகச் சொல்லும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இங்கே திருநீறு வாங்கிப் பூசிக்கொள்ளத் தயக்கமே வரவில்லை. நெய் விளக்கு ஒன்று ஏற்றினேன், சாமிக்கா அந்த அம்மாளுக்கா என்று பிரித்துப் பார்க்காமல்.

அப்புறம் திருப்புறம்பியம். கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகப் போக வேண்டும். மூவர் பாடிய தலம், சுவாமி சாட்சிநாதர். ஒரு பெண்ணின் திருமணத்துக்கு வன்னி மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே போய்ச் சாட்சி சொன்ன கதை இந்த ஊருக்கு உரியது. பிரளயம் காத்த விநாயகருக்கு வருஷத்தில் ஒரே ஒருமுறை, சதுர்த்தி இரவில், தேனால் அபிஷேகம். ஊற்றுகிற தேன் முழுவதும் அவர் மேனிக்குள்ளேயே போய்விடும் என்கிறார்கள்.

தரிசனம் முடிந்து வயல் பக்கமாக விசாரித்துக்கொண்டே நடந்தேன். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மண்ணில்தான் பாண்டியன் வரகுணனைப் பல்லவன் அபராஜிதன் தோற்கடித்தான். பல்லவன் பக்கம் நின்ற கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி ஜெயித்துக் கொடுத்துவிட்டுக் களத்திலேயே விழுந்தான். அவனுக்கும் இங்கே ஒரு பள்ளிப்படை. தன் உயிரைக் கொடுத்து, நண்பனுடைய 'அபராஜிதன்' என்ற பெயரை மெய்யாக்கினான் என்று பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. என்ன பலன்? அதே போரில் உடன் நின்ற ஆதித்த சோழனே பின்னாளில் அபராஜிதனைக் கொன்று தொண்டை நாட்டை எடுத்துக்கொண்டான். சோழர்கள் தலையெடுத்த கதை இப்படி ஆரம்பிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இந்த வயலுக்கும் ஒருமுறை வரத்தான் வேண்டும்.

இங்கே ஏற்ற விளக்கு கொண்டுவரவில்லை. கையிலிருந்த அர்ச்சனைப் பூவில் பாதியை வைத்துவிட்டு, ஒரு தேவாரப் பதிகம் சொன்னேன்.

அடுத்தது மேல்பாடி, பொன்னை ஆற்றங்கரை. ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை அங்கே இருக்கிறது. காட்பாடியில் இறங்கினால் போய்விடலாம். மழை விட்டதும் கிளம்ப வேண்டும்.