தைராய்டு ஆபரேஷன்: தழும்பைவிட முக்கியம் கால்சியம்

தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "தழும்பு வெளியே தெரியுமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கழுத்து மடிப்போடு சேர்ந்து ஓடும் 4 முதல் 6 செ.மீ. வெட்டு ஒரு வருடத்தில் மங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தைராய்டை ஒட்டியிருப்பவற்றால்தான் வருகின்றன. சுரப்பியின் பின்பக்கம் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவை. இருபுறமும் குரல் நாண்களை அசைக்கும் நரம்பு ஒவ்வொன்று போகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் டாக்டர் சொல்லும் ஒவ்வொரு அறிவுரைக்கும் காரணம் புரியும்.

முதலில் முன்தயாரிப்பு. தைராய்டு எப்படிச் சுரக்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச்., டி3, டி4 ரத்தப் பரிசோதனைகள், கழுத்து ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள். இவற்றோடு ரத்தக் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் கால்சியம் சரியும் வாய்ப்பு அதிகம். சில வாரங்கள் முன்பே தெரிந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும். குரல் நாண்களையும் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே ஒரு பக்கம் அசையாமல் இருந்தும் வெளியே தெரியாமல் போவதுண்டு. அது தெரியாமல் மறுபக்க நரம்பின் அருகே கத்தி வைப்பது ஆபத்து.

முடி, நகம் வளரச் சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவை அது தவறாகக் காட்டிவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மருந்து என்று நீங்களாக வாங்கிச் சாப்பிடும் எதையும் விடாமல் சொல்லுங்கள்; ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை அவற்றில் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ வேறு கதை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அளவு கட்டுக்குள் வந்த பிறகுதான் ஆபரேஷன். இல்லாவிட்டால் மயக்கத்திலோ அதன் பிறகோ காய்ச்சலும் படபடப்பும் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைப்பது) இருந்தால், கடைசிப் பத்து நாள் போல அயோடின் சொட்டு மருந்து தருவார்கள். சுரப்பிக்குள் ரத்த ஓட்டம் குறையும், ரத்தக்கசிவும் குறையும். அதற்கு நாள் கணக்கு முக்கியம். ஆபரேஷன் தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் கேளுங்கள்; சொட்டு மருந்தை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் பலன் போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள், சாய்ந்து படுக்க இரண்டு மூன்று தலையணை, அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்தில் வைப்பது, அவ்வளவுதான். குரல் எழும்பாமல் போகலாம் என்பதால் கூப்பிட ஒரு மணியோ போனோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆபரேஷன் அன்று திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை அனுமதிப்பார்கள். ஆனாலும் மயக்க டாக்டர் சொன்ன நேரமே முடிவு. ஆபரேஷன் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரம் முழுக்கக் கழுத்தைப் பின்னால் வளைத்தே வைத்திருப்பார்கள். அதனால் எழுந்ததும் காயத்தைவிடப் பிடரி அதிகமாக வலிக்கலாம். மூச்சுக்குழாயில் குழாய் போட்டதால் தொண்டை சில நாள் கரகரக்கும். இரண்டும் தானாகப் போய்விடும்.

முதல் 24 மணி நேரத்தில் பார்க்க வேண்டியது கழுத்து வீக்கம். உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்குழாயை அழுத்தும். கழுத்து இறுகுவது போல, கட்டுப் போட்டிருப்பது திடீரென்று சின்னதாகிவிட்டது போல இருந்தாலோ, மூச்சு விட, விழுங்கச் சிரமமானாலோ நொடி தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் ஆம்புலன்ஸ். 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று இருந்துவிடக் கூடாத இடம் இது.

எழுந்து உட்காரும்போது ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கி, பக்கவாட்டில் புரண்டு, மறு கையை ஊன்றி எழுங்கள். தலையின் பாரம் தையலை இழுக்காது.

இனி கால்சியம். முழுத் தைராய்டையும் எடுத்தவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். பாராதைராய்டுகள் உடலில் பத்திரமாக இருந்தாலும், அவற்றுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அதிர்ந்துபோய்ச் சில நாள் அவை வேலை செய்யாமல் இருக்கும். கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். பலர் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறோம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும், மரத்துப்போகும். அதுதான் ஆரம்பம். விட்டுவிட்டால் கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும், கெண்டைக்காலில் தசை பிடிக்கும்.

குறுகுறுப்பு வந்தால் கூடுதலாக எத்தனை கால்சியம் மாத்திரை போட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போட்டு ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ கை இழுத்துக்கொண்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசி வழியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு போட்டால்தான் உடலில் சேரும், அதற்கு வயிற்று அமிலம் வேண்டும். அல்சருக்கான அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிக் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாம். மலச்சிக்கல் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்கும் அதுவே வழி. கூடவே கால்சிட்ரியால் தந்தால், 'வைட்டமின் டிதானே, வீட்டில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாம்' என்று நினைக்காதீர்கள். சாதாரண வைட்டமின் டியைச் சிறுநீரகம் செயல்படும் வடிவத்துக்கு மாற்றப் பாராதைராய்டு ஹார்மோன் தேவை. அது இப்போது குறைவாக இருப்பதால்தான் மாற்றி முடித்த வடிவத்தையே நேராகக் கொடுக்கிறார்கள். குறுகுறுப்பு போய்விட்டது என்று ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், மாதக்கணக்கில் கேட்காமல் தொடரவும் வேண்டாம். அளவு மீறினால் குமட்டல், தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொல்லை வரும். ரத்தப் பரிசோதனை பார்த்துப் படிப்படியாகக் குறைப்பதே சரி.

இதோடு, தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் தைராக்சின் மாத்திரையும் சேரும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் காலையில் சேர்த்தே விழுங்கிவிடுவது. கால்சியம் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படியே. காலை 5:30க்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. 9:30க்குச் சாப்பாட்டோடு முதல் கால்சியம், பிறகு மதியம், இரவு. இப்படி வைத்துக்கொண்டால் முட்டிக்கொள்ளாது. முழுத் தைராய்டையும் எடுத்தவர்களுக்குத் தைராக்சினை எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்குவார்கள்; 60 கிலோ என்றால் 100க்குப் பக்கத்தில். சரியான அளவுதானா என்பது 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் டி.எஸ்.எச்.சில்தான் தெரியும். பாதித் தைராய்டு மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் மாத்திரை தேவைப்படுகிறது. அதனால் அவர்களும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

குரல் கம்முவதும் பேசப்பேசச் சோர்வதும் முதல் வாரங்களில் சகஜம். கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அது தொண்டைக்குக் கூடுதல் சிரமம். மெல்லிய சாதாரணக் குரலில் குறைவாகப் பேசுங்கள். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது என்றால் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திச் சிறு மடக்காக விழுங்குங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தெளியாவிட்டால் குரல் நாணைப் பார்த்துவிட வேண்டும். அறுபடாமல் இழுபட்ட நரம்பு மாதங்கள் கழித்தும் மீளும். குரல் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது உதவும்.

இரண்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல் வைத்திருந்தால் இறுகிவிடும். டாக்டர் சரி என்றதும் இடம், வலம், மேல், கீழ் என்று மெதுவாக நாளுக்கு மூன்று முறை திருப்புங்கள். தையல் ஓரம் சில வாரம் கட்டியாகத் தடித்திருக்கும், மேல் தோல் மரத்திருக்கும், விழுங்கும்போது தழும்பு கூடவே இழுபடும். காயம் முழுக்க ஆறிய பின் விரலால் நீவிவிட்டால் அது தளரும். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், அதனால் ஒரு வருடமாவது மூடியோ சன்ஸ்கிரீன் தடவியோ வைத்திருங்கள்.

பயாப்சி முடிவு வந்ததும் புற்றுநோய் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எடுத்த திசுவோடு பாராதைராய்டு ஏதாவது சேர்ந்து வந்திருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் கால்சியம் இல்லாமல் முடியவில்லை என்றால், டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.